ஒப்படைக் கோப்பிலிருந்து ஒலுவில் கரைக்கு

1972ஆம் ஆண்டு இலங்கைப் பாடசாலைகளுக்குள் ஒரு புதிய பாடம் வந்தது. தொழில் முன்னிலைப் பாடம் என்று அதற்குப் பெயர். ஊரில் நடக்கும் ஒரு தொழிலைப் பிள்ளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், செய்கிறவரிடம் கேட்க வேண்டும், தானும் கை வைத்துப் பழக வேண்டும், அந்தத் தொழிலுக்குள் கிடக்கும் விஞ்ஞானத்தையும் கணக்கையும் வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் எண்ணம். மீன்பிடிக் கிராமத்துப் பாடசாலைக்குக் கடல், நெசவு ஊருக்குத் தறி, வயற்காட்டுக்கு நெல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கம்பளை சாஹிறாவில் அதிபராக இருந்து அரசியலுக்கு வந்தவர். கல்முனையின் மஹ்மூத் மகளிர் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தப் பாடம் ஐந்தாறு ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பி வந்தன. அரசியல் மாற்றத்தை மட்டும் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் பெற்றோருடைய மனம் அதற்கு முன்பே மாறியிருந்தது. கொழும்புப் பிள்ளை வைத்தியராகப் போகும்போது தங்கள் பிள்ளையை மட்டும் வலை இழுக்கவும் தறி அடிக்கவும் பழக்குகிறார்களோ என்ற ஐயம் கிராமங்களில் வலுத்தது. அதில் நியாயமும் இருந்தது. இலங்கையை முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகக் கொண்டு 1976இல் ரொனால்ட் டோர் எழுதிய நூல், சான்றிதழுக்கான ஓட்டம் கல்வியையே விழுங்கிவிடுவதை ஒரு நோய் என்றே பெயரிட்டது. வேலைவாய்ப்பு சுருங்கச் சுருங்கச் சான்றிதழின் பெறுமதி ஏறும் நாட்டில், சான்றிதழுக்கு உதவாத பாடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பெற்றோருக்கு ஆபத்தாகவே தெரியும்.

செயற்றிட்டம் வழிக் கற்றலைப் பற்றிக் கல்முனைக் கரையோரத்தில் இன்று பேசுகிறவர்கள் இந்த வரலாற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, கைபேசி அவர்களைக் கெடுத்துவிட்டது என்ற குறைகூறல் ஆசிரியர் ஓய்வறைகளில் அடிக்கடி கேட்கிறது. என் கருத்து வேறு. ஒரு செயற்றிட்டத்தின் விடைக்காகப் பாடசாலைக்கு வெளியே யாராவது காத்திருந்தால் பிள்ளைகளின் ஆர்வம் தானாகக் கிளம்பும். யாருமே காத்திராத விடையைத் தேடச் சொன்னால் அவர்கள் கோப்புத்தான் தயாரிப்பார்கள்.

கோப்பு தயாராகும் விதம் இந்தப் பக்கத்துப் பெற்றோர் எல்லோருக்கும் தெரியும். தலைப்பு வகுப்பில் தரப்படும். வாப்பாவோ நானாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொமினிகேஷனுக்குப் போவார்கள். கடைக்காரரின் கணினியில் போன வருடத்துப் பிள்ளையின் கோப்பு இருக்கும். பெயரும் சுட்டெண்ணும் மாறும், நிறப்படங்கள் இரண்டு கூடும், சுருள் கம்பி ஏறும், கனத்த பிளாஸ்டிக் அட்டை விழும். நன்றியுரையில் அதிபர் முதல் பெற்றோர் வரை எல்லோரும் இடம் பிடிப்பார்கள். பிள்ளை கற்றது என்னவென்றால், பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதலாம் என்பதே. இதில் எனக்குப் பிள்ளைகள்மீது கோபம் இல்லை. கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள்.

1972இன் எண்ணம் முற்றாகச் செத்துவிடவும் இல்லை. வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. 1997இல் தொடங்கிய சீர்திருத்தங்கள் ஆரம்ப வகுப்புகளைச் செயற்பாடு வழிக்குத் திருப்பின; உயர்தர வகுப்புக்குச் செயற்றிட்டத்தைக் கொண்டுவந்தன. 2007இல் தேசிய கல்வி நிறுவகம் தேர்ச்சி மையப் பாடத்திட்டத்தை அறிமுகப்படுத்தியபோது, ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்ற ஐந்து படிகளில் பாடம் நடத்தும்படி ஆசிரியர் வழிகாட்டிகள் சொல்லின. பாடசாலை மட்டக் கணிப்பீடு ஒப்படைகளையும் செயற்றிட்டங்களையும் எல்லா வகுப்பிலும் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தக் கணிப்பீட்டின் புள்ளி சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு கூட்டப்படுவதில்லை. கட்டாயமாகச் செய்ய வேண்டும், ஆனால் கணக்கில் வராது என்ற இந்த இரட்டை நிலைதான் கொமினிகேஷன் கடையின் கோப்பை உருவாக்கியது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய சீர்திருத்தம் பாடங்களைச் சிறு அலகுகளாகப் பிரித்துச் செயற்பாட்டுக்கு மறுபடியும் இடம் தேடுகிறது. பழைய முடிச்சை அவிழ்க்காமல் போனால் அதற்கும் இதே கதிதான் நேரும்.

அதே 1972இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், ஹோஷங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் இன்னொரு முயற்சி தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் வயலிலும் குளத்திலும் சோதனை செய்தே விஞ்ஞானம் படித்தார்கள். 1978இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 2002இல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பது ஆண்டுகள் நின்றது. நம்முடையது ஐந்தாறு ஆண்டுகளில் போனது, அது முப்பது ஆண்டு நின்றது. இதற்கு ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் பரீட்சையையும் சேர்த்து மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் சோதனைக் குறிப்பேட்டையும் பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுபோகலாம். செய்முறைப் பரீட்சை தனியாக இருந்தது. மனப்பாடம் அங்கே விலை போகாததால் சோதனை செய்த பிள்ளைக்கே அனுகூலம் கிடைத்தது.

ஆர்வத்தைப் பரிசு கொடுத்துத் தூண்டலாம் என்ற நம்பிக்கை நம் பாடசாலைகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஒவ்வொரு போட்டிக்கும் சான்றிதழ், ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு புகைப்படம். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகள் சிலரிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் சான்றிதழைப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் பிறகு சுதந்திரமாக விடப்பட்ட நேரத்தில் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். வாக்குறுதி தரப்படாத பிள்ளைகளின் ஆசை குறையவில்லை. இந்த முடிவின் எல்லைகள் குறித்து உளவியலாளரிடையே நீண்ட விவாதம் உண்டு. ஆனாலும் பரிசளிப்பு விழா முடிந்த மறுநாள் செயற்றிட்டம் செத்துப்போவதைக் கண்ட ஆசிரியருக்கு இது புதுச் செய்தியாக இராது.

கையை மட்டும் வேலைக்கு விடுவதும் போதாது. 1998இல் பிரிஜிட் பாரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, சிறிய ரொக்கெட் செய்து பறக்கவிடும் செயற்றிட்டத்தைப் பற்றிப் பேசியது. செய்து பறக்கவிட்ட பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஒரு ரொக்கெட் ஏன் உயரப் போகிறது, இன்னொன்று ஏன் போகவில்லை என்று கேட்டபோது அவர்களிடம் சொல்ல அதிகம் இருக்கவில்லை. வடிவமைப்பு பற்றிய ஒரு கேள்வியை முன்வைத்து, அளந்து ஒப்பிடச் செய்த வகுப்பில் விளக்கம் தெளிவாக வந்தது. கரையிலே ஒரு நாள் சுற்றுலா, மூன்று புகைப்படம், ஒரு சுவரொட்டி என்று முடியும் நம் செயற்றிட்டங்கள் முதல் வகையைச் சேர்ந்தவை.

இந்தக் கரையிலேயே பிறந்த ஒரு பெரிய தேடலை இங்கே நினைக்காமல் போக முடியவில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் இசைவாணராகத் தொடங்கியவர் அல்லர். விஞ்ஞானம் கற்றவர், விஞ்ஞானம் கற்பித்தவர். வழக்கொழிந்துபோன யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்த விகிதத்தில் ஒலித்திருக்கும் என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் சுமந்து, பழந்தமிழ் இலக்கியத்தையும் கணிதத்தையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். 1947இல் யாழ்நூல் வெளிவந்தது. தமிழும் கணிதமும் விஞ்ஞானமும் தனித்தனிப் பாடவேளைகளாகப் பிரிந்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த மண்ணில் இதைவிட நல்ல சான்று இல்லை.

இனி ஒரு கேள்வியை எடுத்து, அது எப்படி ஒரு வருடத்துச் செயற்றிட்டமாகும் என்று பார்ப்போம். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறந்து வைக்கப்பட்டது. கிழக்குக் கரையில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகீழ்ப் பருவத்தில் ஓரளவு திரும்பி வருகிறது. வருடக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் தெற்கே தேங்கியது, துறைமுக வாயையும் அடைத்தது. வடக்குப் பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. ஒலுவிலிலும் அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கத்திலும் கடல் நிலத்தைத் தின்றது, தென்னைகள் சாய்ந்தன, தோணி இழுத்து வைக்கவும் கரைவலை வளைக்கவும் இருந்த இடம் சுருங்கியது. மணலால் வாய் அடைபட்ட துறைமுகம் மீனவருக்கும் உதவவில்லை.

கடல் எவ்வளவு வந்தது என்று கேட்டால் கரையிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு விடை சொல்வார்கள். ஒருவர் தன் வாப்பாவின் வாடி இருந்த இடத்தைக் காட்டுவார், இன்னொருவர் விழுந்த தென்னையை. அளந்து எழுதிவைத்த, மாதாமாதம் தொடரும் கணக்கு ஒன்று மீனவர் சங்கத்தின் கையில் இருந்தால் அவர்களின் முறைப்பாட்டுக்கு வேறு கனம் வரும். அந்தக் கணக்கை எடுக்கத் தரம் 9 பிள்ளைகளால் முடியும். 1961இல் எமெரி என்ற கடலியலாளர் எழுதிய முறைக்கு ஒரே உயரமுள்ள இரண்டு தடிகளும், அளவு குறித்த ஒரு கயிறும் போதும். இரண்டு பேர் தடிகளைக் கயிற்றின் நீளத்துக்குத் தள்ளி நிறுத்துகிறார்கள். கரைப் பக்கத்தில் நிற்பவர், கடல் பக்கத்துத் தடியின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்வரை தன் கண்ணைத் தடியின் வழியே இறக்குகிறார். தன் தடியின் உச்சியிலிருந்து கண் எவ்வளவு இறங்கியதோ அதுதான் அந்த இரண்டு இடங்களுக்கும் இடையிலான உயர வித்தியாசம். பிறகு தடிகளை முன்னே நகர்த்திக்கொண்டு நீர் விளிம்புவரை போக வேண்டும். வரைபுத் தாளில் குறித்தால் கரையின் பக்கத் தோற்றம் வந்துவிடும். நம் கரையில் வற்றுப்பெருக்கின் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. தொடுவானம் தடையில்லாமல் கிழக்கே கிடக்கிறது. இந்த முறைக்கு இதைவிட வாய்ப்பான கடற்கரை அமைவது அரிது.

இதில் ஆசிரியர் காட்ட வேண்டிய கண்டிப்பு ஒன்று உண்டு. ஒரு மாதத்து அளவை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை கடல் அடிக்கும், பிறகு கரை ஓரளவு வளரும். பருவத்தோடு போய்வரும் மணல் எது, போய்த் திரும்பாத மணல் எது என்று பிரித்தறிய ஒரு முழு வருடமாவது வேண்டும். நிலைக்குறியாகப் பள்ளிவாசல் சுவரையோ கொங்கிரீட் தூணையோ எடுக்க வேண்டும். தென்னையை எடுத்தால் அடுத்த மாதம் தென்னையே இருக்காது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை என்பதால், அந்த மாதத்து அளவைக் கரையோர வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய செய்மதிப் படங்களைப் புரட்டினால் துறைமுகத்துக்கு முந்திய கரைக்கோட்டையும் காணலாம். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புவியியல் படிக்கும் மாணவர் ஒருவர் மாதம் ஒரு முறை வந்து பிள்ளைகளின் வரைபைத் திருத்திக் கொடுக்கலாம்.

இப்படி ஒரு வேலையை உலகம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 1999இல் கரிபியன் தீவுகளில் யுனெஸ்கோவின் ஆதரவோடு தொடங்கிய 'சாண்ட்வொச்' திட்டத்தில் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் கடற்கரையை அளந்தார்கள், அளந்ததை ஆராய்ந்தார்கள், ஊருக்குச் சொன்னார்கள், சொன்னதோடு நிற்காமல் ஏதாவது செய்தார்கள். நம் ஒப்படைகள் இரண்டாவது படியிலேயே முடிந்துவிடுகின்றன. ஊருக்குச் சொல்வது என்ற மூன்றாவது படிதான் பிள்ளையை நிமிர வைக்கிறது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்தும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் அடிப்படையும் இதுவே. 1993 முதல் இந்தியா முழுவதும் நடந்துவரும் அந்த மாநாட்டுக்கு 10 முதல் 17 வயது வரையான பிள்ளைகள் குழுவாகத் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, கள ஆய்வு செய்து, கண்டதை எல்லோர் முன்னும் சொல்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைக் கடற்கரைக்கு மாதாமாதம் அனுப்ப எல்லா வீடுகளும் இணங்காது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னிற்கும் இந்தப் பிள்ளைகளுக்கு ஒப்படை வந்தால் பூத்தையலும் சமையல் குறிப்பும்தான் என்ற நிலையை ஏற்கவும் முடியாது. நல்வாய்ப்பாக, இந்தக் கரையின் மிகச் சிறந்த விஞ்ஞானக் கேள்வி ஒவ்வொரு வீட்டு வளவிலும் இருக்கிறது. அது கிணறு.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கரையோரக் கிணறுகள் உப்பாயின. உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு கிணறுகளை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். கிழக்குக் கரையில் பிறகு நடந்த நிலத்தடி நீர் ஆய்வுகள், அளவுக்கு மீறிய இறைப்பு நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும் என்று காட்டின. மணலுக்குள் நன்னீர், கனத்த உப்பு நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது பௌதிகம் தரும் கணக்கு. மேலே ஒரு முழம் இறைத்தால் கீழேயிருந்து உப்பு பல மடங்கு ஏறிவர இடமுண்டு. அடர்த்தி என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் கற்பிக்காது.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்றால் நாற்பது கிணறுகள். கடலிலிருந்து தூரம், நீர் மட்டம், உப்பின் அளவு, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி என்ற நான்கையும் மாரிக்கு முன்னும் பின்னும் எடுத்தால் போதும். மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி ஒன்றைப் பாடசாலை வாங்கி வீடு வீடாகச் சுற்றவிடலாம். மூத்தம்மாவிடம் கேட்டால், எந்த வருடம்வரை இந்தத் தண்ணீரில் சோறு ஆக்கினோம், எப்போது குடிக்க விட்டோம் என்று சொல்வார். அதுவும் தரவுதான், பதிவு செய்யப்பட வேண்டியது. வீட்டுப் பெயர்களை வரைபடத்தில் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும் இட வேண்டும். ஒரு வீட்டுக் கிணறு அசுத்தமானது என்று வகுப்பில் வெளிப்பட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வரத் தயங்கும். வரைபடம் முடிந்ததும் அதைப் பெற்றுக்கொள்ளப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வகுப்புக்கு அழைக்க வேண்டும். அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்த பிள்ளை, அளக்காத எண்ணை எழுதத் துணியாது.

இன்னும் பல கேள்விகள் கிடக்கின்றன. ஒலுவில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. நம் வீட்டு உறைப்பை எத்தனை நாளில் அங்கே போய்ச் சேருகிறது? மருதமுனைத் தறியில் ஒரு சாரத்தின் விலையில் நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, நெய்தவருக்கு எவ்வளவு? 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸாப் பிள்ளைகள் வெள்ளத்தில் அள்ளுண்டு போனார்கள். அந்த வீதியில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தால் வாகனம் போகக்கூடாது என்று காட்டும் அளவுகோல் ஒன்றை, மழைக் கணக்கோடு பொருத்திப் பார்த்துச் சொல்ல, சம்மாந்துறையிலும் காரைதீவிலும் உள்ள இரண்டு பாடசாலைகளால் முடியாதா?

எதிர்த்தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஒரு பெரிய சோதனை, செயற்றிட்டம் வழிப் படித்த ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்தறிவில் தெளிவான முன்னேற்றம் எதையும் காணவில்லை. ஏழைப் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கியிருக்கலாம் என்ற அறிகுறியும் தெரிந்தது. 2021இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு நேர்மாறாக, செயற்றிட்டம் வழி நடந்த உயர்நிலை வகுப்புகளில் தேர்ச்சி பெற்றோர் வீதம் ஏறக்குறைய 8 புள்ளி கூடியதாகச் சொன்னது. அங்கே ஆசிரியருக்கு ஆழமான பயிற்சி இருந்தது, பாடத்திட்டத்தின் மையமே செயற்றிட்டமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குக் கிடைக்கும் பாடம் இது: அரைகுறையாகச் செய்தால் முதலில் அடிபடுவது வீட்டில் உதவி இல்லாத பிள்ளை. உம்மா வெளிநாட்டில், வாப்பா கடலில் என்ற வீட்டுப் பிள்ளைக்குச் செயற்றிட்டத்தை வீட்டு வேலையாகக் கொடுப்பது அநீதி. பாடவேளைக்குள், பாடசாலையின் பொருட்களோடு, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, எழுதப் பழக்கிக்கொண்டே அது நடக்க வேண்டும்.

1972இல் எழுந்த ஐயத்துக்கும் இங்கே பதில் இருக்க வேண்டும். ஊரைப் படிப்பது பிள்ளையை ஊருக்குள் கட்டிப்போடுவதற்கு அல்ல. கரையை அளந்த பிள்ளை பொறியியலாளராகலாம், கிணற்றை அளந்த பிள்ளை வைத்தியராகலாம். திரிகோண கணிதத்தையும் அடர்த்தியையும் சராசரியையும் அவர்கள் கையால் தொட்டிருப்பார்கள். சாதாரண தர வினாத்தாளிலும் அது உதவும். பெற்றோர் கூட்டத்தில் அதிபர் இதை வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே விளக்க வேண்டும். அப்படி விளக்காத பாடசாலையின் பிள்ளை மூன்றாம் மாதமே அளவுநாடாவை வைத்துவிட்டு டியூஷனுக்குப் போகும்.

ஆசிரியர்களுக்குத்தான் இதில் பெரும் சுமை. விடை தெரிந்த பாடத்தை நடத்திப் பழகியவர், விடை தெரியாத கேள்வியோடு பிள்ளைகள் முன் நிற்கத் தயங்குவது இயல்பு. அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவரும், கட்டுறுப் பயிற்சிக்கு வெளியே போகுமுன், தானே ஒரு செயற்றிட்டத்தை ஒரு வருடம் செய்து முடித்திருக்க வேண்டும். அதை ஒரு மீனவர் சங்கத்திடமோ பிரதேச சபையிடமோ ஒப்படைத்து, அவர்கள் கேட்ட கேள்விகளை எழுதிவைத்திருக்க வேண்டும். கல்முனை வலயத்தில் ஐந்து பாடசாலைகள், ஒவ்வொன்றிலும் தரம் 9இல் ஒரு வகுப்பு, வாரத்தில் இணைந்த இரண்டு பாடவேளை, அந்த வருடத்தின் மற்ற எல்லா ஒப்படைகளுக்கும் பதிலாக இந்த ஒன்று மட்டும் என்று தொடங்கலாம். கோப்பு கையெழுத்தில் இருக்கட்டும். மாதாமாதம் எடுத்த அளவுகள், அழித்துத் திருத்திய இடங்கள், மழையால் போக முடியாமல்போன நாள், யார் தடியைப் பிடித்தார், யார் கயிற்றைப் பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். புள்ளியும் அவற்றுக்கே போகட்டும்.